கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்



இன்று பட்டம் வாங்குகிறவர்களில் வணிகவியல், கணிதம், புள்ளியியல் படித்தவர்கள் அதிகம் என்று கல்லூரி முதல்வர் சொன்னார். அவர்களில் பலர் அடுத்ததாக எஃப்.ஆர்.எம். என்ற நிதி இடர் தேர்வை எழுதலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். வங்கியின் இடர் மேலாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் பொது அறிவுரைகளை விட்டுவிட்டு, அந்த ஒரு தேர்வைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று அனுமதி கேட்டேன். மற்றத் துறை மாணவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள். உங்கள் வீட்டுச் சேமிப்பும் ஏதோ ஒரு வங்கியில்தானே இருக்கிறது.

கரூரில் நின்றுகொண்டு நிதி இடர் என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. இந்த ஊர் இரண்டு வங்கிகளைப் பெற்ற ஊர். கரூர் வைசியா வங்கி 1916-இல் தொடங்கியது, லட்சுமி விலாஸ் வங்கி 1926-இல். முதலாவது இன்றும் நடக்கிறது. இரண்டாவது கொடுத்த கடன்களில் ஏறக்குறைய கால்வாசி வாராக்கடனாகி, மூலதனம் கரைந்துபோன நிலையில், 2020 நவம்பர் 17 அன்று அதன் மீது தடை விதிக்கப்பட்டது. வாடிக்கையாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அது டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. வைப்புத்தொகை தப்பியது, பங்கு வைத்திருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. இந்த அரங்கில் இருக்கும் பெற்றோர்களில் சிலர் அந்த வாரம் கிளை வாசலில் நின்றிருப்பீர்கள். ஒரு வங்கியின் இடர் கணக்கு பிசகினால் அது எந்த வீட்டின் கதவைத் தட்டும் என்பதை உங்கள் பிள்ளைகள் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி தேர்வைப் பற்றி. எஃப்.ஆர்.எம். என்பது நிதி இடர் மேலாளருக்கான சான்றிதழ். கார்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க அமைப்பு 1997-லிருந்து நடத்துகிறது. இரண்டு பகுதிகள், இரண்டும் கணினியில். முதல் பகுதியில் நான்கு மணி நேரத்தில் 100 கேள்விகள், இரண்டாவதில் அதே நேரத்தில் 80. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். இன்ன பட்டம் வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆனால் இரண்டு பகுதியும் தேறிய பிறகு, இத்துறையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்ததைக் காட்டினால்தான் பெயருக்குப் பின்னால் அந்த மூன்றெழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். கட்டணம் டாலரில் கட்ட வேண்டும். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது சிறிய தொகை இல்லை. முதல் பகுதி எழுதுகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் தேறுவது அபூர்வம். இதையெல்லாம் வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எப்படிப் படிப்பது என்பதுதான் நான் சொல்ல வந்தது. சந்தையில் கிடைக்கும் குறிப்பேடுகளும், நூற்றுக்கணக்கான மாதிரிக் கேள்விகளும் தேர்வில் தேறப் போதும். நான் கேட்பது அதற்கு மேல் ஒன்று. ஒவ்வொரு சூத்திரத்தையும் ஒரு முறையாவது கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டு, சின்ன எண்களைக் கொண்டு, காகிதத்தில் கையால் போட்டுப் பாருங்கள். இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

2012-இல் ஜேபி மார்கன் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் ஒரு பிரிவு, கடனின் மதிப்பைச் சார்ந்து விலை மாறும் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் மிகப் பெரிய தொகையை இறக்கியிருந்தது. அந்தப் பிரிவு எவ்வளவு இடரைச் சுமக்கிறது என்பதை ‘வேல்யூ அட் ரிஸ்க்’ என்ற அளவையால் கண்காணித்தார்கள். உங்கள் பாடத்திட்டத்தின் முதுகெலும்பே இந்த அளவைதான். இதை உலகம் முழுவதும் பரப்பியதும் அதே வங்கிதான். 1994-இல் தன் கணக்கிடும் முறையை எல்லோருக்கும் திறந்து கொடுத்தது. அப்படிப்பட்ட இடத்தில், 2012 ஜனவரியில் அந்தப் பிரிவு தனக்கு விதிக்கப்பட்ட வரம்பைத் தாண்டியது. அப்போது ஒரு புதிய கணக்கு மாதிரியைக் கொண்டுவந்தார்கள். வந்த வேகத்தில் இடர் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. வியாபாரம் குறையவில்லை, எண் மட்டும் குறைந்தது. பல எக்செல் தாள்களில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் நகலெடுத்து ஒட்டி அந்த மாதிரியை நடத்திக்கொண்டிருந்தார்கள் என்று வங்கியே 2013 ஜனவரியில் வெளியிட்ட விசாரணை அறிக்கை சொல்கிறது. அந்தத் தாள்களில் ஒரு பிழையும் இருந்தது. சந்தையின் ஏற்ற இறக்கத்தை அளக்க, பழைய விகிதத்துக்கும் புதிய விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் சராசரியால் வகுக்க வேண்டும். தாள் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பார்ப்போம். பழைய விகிதம் 4, புதியது 6. வித்தியாசம் 2. சராசரி 5. இரண்டை ஐந்தால் வகுத்தால் 0.4. கூட்டுத்தொகை 10. பத்தால் வகுத்தால் 0.2. சரியாகப் பாதி. சந்தையின் ஏற்ற இறக்கம் உண்மையில் இருப்பதில் பாதியாகத் தெரியும். நான்கையும் ஆறையும் வைத்து ஒருவர் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் இந்தப் பிழை வெளியே வந்திருக்கும். வங்கிக்கு ஏற்பட்ட மொத்த நஷ்டம் 600 கோடி டாலருக்கும் மேல். அத்தனைக்கும் இந்த ஒரு வகுத்தல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கூடாத வியாபாரம், மேலிருந்து வந்த அவசரம், கேள்வி கேட்காமல் போட்ட ஒப்புதல் எல்லாம் சேர்ந்தது. ஆனால் வந்த எண் எல்லோருக்கும் பிடித்த எண்ணாக இருந்தது. பிடித்த எண்ணை யாரும் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை. அதைப் போட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்தத் தொழிலில் நமக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு அளவையும் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்டுப் படியுங்கள். நூறு நாளில் தொண்ணூற்றொன்பது நாள் நஷ்டம் இந்தத் தொகையைத் தாண்டாது என்று வேல்யூ அட் ரிஸ்க் சொல்லும். மீதி ஒரு நாளில் எவ்வளவு போகும்? அதைப் பற்றி அது வாய் திறக்காது. வங்கிகளுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் பாசல் குழு இந்த அளவையைச் சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறது. 250 வேலை நாட்களை எடுத்து, கணித்த எல்லையை உண்மையான நஷ்டம் எத்தனை நாள் தாண்டியது என்று எண்ணுவார்கள். நான்கு வரை பச்சை, ஐந்து முதல் ஒன்பது வரை மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு. தேர்வில் இது கட்டாயம் வரும் என்று மனப்பாடம் செய்வீர்கள். செய்யுங்கள். கூடவே, 250-இல் நூற்றுக்கு ஒன்று என்றால் இரண்டரைதானே, பிறகு ஏன் நான்கு வரை விட்டுக்கொடுத்தார்கள் என்று யோசியுங்கள். ஈருறுப்புப் பரவலை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். புள்ளியியல் மாணவர்களுக்கு அது ஒரு மாலை வேலை. அந்த மாலைக்குப் பிறகு எந்த அட்டவணையும் உங்களுக்கு மறக்காது.

மூன்றாவதாக ஒன்றை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்கிறேன். முதல் பகுதியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் பெரிய பாடம். சென்னையிலோ மும்பையிலோ படிக்கும் மாணவர் அதைப் படத்தைப் பார்த்துப் படிப்பார். உங்கள் தெருவிலிருந்தே மேசை விரிப்பும் படுக்கை விரிப்பும் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. சரக்கு ஏறி மூன்று மாதம் கழித்துப் பணம் வரும். அதற்குள் டாலர் இறங்கிவிட்டால் லாபம் போச்சு என்று பயந்து, ஏற்றுமதியாளர் இன்றைக்கே வங்கியில் டாலருக்கு ஒரு விலையை உறுதி செய்துகொள்கிறார். அதுதான் ஃபார்வர்டு ஒப்பந்தம். அந்த விலை எங்கிருந்து வருகிறது? இரண்டு நாட்டு வட்டி விகிதங்களின் வித்தியாசத்திலிருந்து. தெரிந்த ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்காளரிடம் ஒரு பழைய ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். வங்கி சொன்ன விலையையும், நீங்கள் கணக்கிட்ட விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கும். அதில் வங்கியின் லாபமும் அடக்கம். அதைக் கண்டுபிடித்தவருக்கு அந்தப் பாடத்தில் எந்தக் கேள்வியும் கடினமாக இருக்காது.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். 2007, 2008-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலர், பாதுகாப்பு என்று நம்பி, வேறு வகை டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார்கள். சில ஒப்பந்தங்கள், ரூபாய்க்குச் சம்பந்தமே இல்லாத டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் இடையிலான விகிதத்தைச் சார்ந்திருந்தன. விகிதம் எதிர்த்திசையில் போனதும் பனியன் தைத்துச் சேர்த்த பணம் கரைந்தது. இத்தகைய ஒப்பந்தங்கள் குறித்த தகராறுகள் நீதிமன்றம் வரை போயின. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில், “அண்ணா, இதில் உங்கள் லாபத்துக்கு வரம்பு இருக்கிறது, நஷ்டத்துக்கு வரம்பு இல்லை” என்று தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் எத்தனையோ இயந்திரங்கள் நின்றிருக்காது. அப்படிச் சொல்லக்கூடியவர்களாக நீங்கள் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வு ஆங்கிலத்தில்தான். முதல் பகுதியில் ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டரை நிமிடம்கூட இல்லை, அதில் பாதி படித்து முடிக்கவே போய்விடும் என்ற பயம் நியாயமானது. புத்தகத்தை ஆங்கிலத்திலேயே படியுங்கள். ஆனால் படித்ததை ஒரு தோழியிடமோ நண்பரிடமோ தமிழில் விளக்குங்கள், சண்டை போடுங்கள். தமிழில் விளக்க வராத இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம். அதைக் குறித்துவைத்துக்கொண்டு மறுபடி புத்தகத்துக்குப் போங்கள். புரிந்துவிட்ட பிறகு வேகம் பயிற்சியில் வந்துவிடும்.

சான்றிதழ் கையில் வந்த பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எச்சரித்தாலும் எல்லோரும் கேட்டுவிடமாட்டார்கள். பேரிங்ஸ் என்ற பழம்பெரும் வங்கி 1995-இல் சிங்கப்பூரில் ஒரே ஊழியரால் மூழ்கியது. வியாபாரம் செய்வதும் அவர், அந்த வியாபாரத்துக்குக் கணக்கு எழுதுவதும் அவர். இது ஆபத்து, இரண்டையும் பிரியுங்கள் என்று உள்தணிக்கை அறிக்கை 1994-லேயே சொல்லியிருந்தது. எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதினார்கள். கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளுக்கும், 2019-இல் பெரிய நிதி நிறுவனங்களுக்கும் தலைமை இடர் அதிகாரி பற்றி விதி வகுத்தது. அவருக்கு வியாபார இலக்கு கொடுக்கக்கூடாது, வேறு பொறுப்பைச் சேர்த்துச் சுமத்தக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்த நாற்காலிக்குக் கீழே வேலை பார்க்கப் போகிறவர்கள் நீங்கள். உங்கள் குறிப்பைப் படிக்காமல் ஒதுக்கினால் மறுபடி எழுதுங்கள், தேதி போட்டு, எண்ணைக் காட்டி, இன்னும் எளிய மொழியில். கையால் போட்டுப் பார்த்த கணக்கு என்றால் மேலதிகாரி முன்னால் குரல் நடுங்காது. இரண்டாயிரம் கோடி ரூபாய்க் கடன் கோப்பின் முன் இருபத்து நான்கு வயதுப் பெண் “இந்த அடமான மதிப்பு எனக்கு ஒத்துவரவில்லை சார்” என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அறையில் இருந்தவர்கள் கோப்பைத் திரும்பப் பிரித்தார்கள்.

ஜேபி மார்கன் விசாரணை அறிக்கையை யாரும் இலவசமாகப் படிக்கலாம். நூற்றுச் சொச்சம் பக்கம். அதை அச்செடுத்து உங்கள் நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். வகுத்தல் பிழை பின்பகுதியில், பலர் புரட்டிவிட்டுப் போகும் பக்கங்களில் இருக்கிறது. தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்த அறிக்கையை முழுதாகப் படியுங்கள். படிக்கப் படிக்க ஆர்வம் கூடினால் கட்டுங்கள். கட்டியவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து படிப்பதற்கு, சனிக்கிழமை மாலைகளில் ஒரு வகுப்பறையைத் திறந்து வைப்பதாக முதல்வர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கரூருக்கு வரும்போதெல்லாம் நானும் வந்து உங்களோடு உட்காருகிறேன்.