டக்காரின் எதிர்க்கரையில் ஒரு வீடு

செனகல் நாட்டின் தலைநகராகிய டக்கார், ஆப்பிரிக்காவின் மேற்கு முனையில் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. 1960இல் அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானவர் செங்கோர் என்னும் கவிஞர். 1974இல் சென்னைக்கு வந்து கறுப்பினப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் ஒருங்கே வைத்துப் பேசியவர்.

அந்நகர்க்குச் செல்லும் பயணியர் தவறாது கோரே தீவுக்குப் படகேறுகின்றனர். இருபது நிமிடப் பயணம். மோட்டார் வண்டி ஓடாத அத்தீவில், 1776 அளவில் எழுந்த 'அடிமைகளின் இல்லம்' நிற்கிறது. கீழ்த்தளத்து இருட்டறைகளுக்கிடையே ஓர் இடைவழி. அதன் முடிவில் கடல் நோக்கிய வாசல். அதற்குத் 'திரும்பி வராத வாசல்' என்று பெயர்.

எண்ணற்ற இலட்சம் அடிமைகள் அவ்வழியே கப்பலேறினர் என்பது வழிவழிப் பேச்சு. வரலாற்றாசிரியர் பலர் அதனை ஏற்பதில்லை. வாசலுக்கு வெளியே பாறைகள், கப்பல் அணைய இடமில்லை என்பர். எண்ணிக்கை குறைந்தால் துயரமும் குறைந்துவிடும் என அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் வேண்டாதது. காற்றோட்டமான மேல்மாடியில் ஒரு வணிகக் குடும்பம் வாழ்ந்தது; அதே கூரையின் கீழ், தரைத்தளத்தில் அடிமைகள். இரண்டையும் இணைப்பது, வளைந்தேறும் அழகிய இரட்டைப் படிக்கட்டு. கவிஞர் நின்று பார்க்க வேண்டிய இடம் அது. வந்தோரோ வாசலில் நின்று படமெடுத்துக்கொண்டு மாலைப் படகுக்கு விரைகின்றனர்.