கஜக்கோலும் மருந்துக் கொம்பும்

புனே நகரில் வாழும் நாம், ஊரிலிருந்து உறவினர் வந்தால் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்கிறோம். விளக்குகளையும் பாக்குவெட்டிகளையும் ஆவலோடு காணும் நாம், பழைய படைக்கலங்களின்முன் அதிகம் நிற்பதில்லை. 1817-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், இதே நகரை அடுத்த கட்கியில் பேஷ்வாவின் படையும் ஆங்கிலேயர் படையும் பொருதின. அன்று இரு தரப்புக் காலாட்களும் ஏந்தியவை வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளே.

அத்தகைய துப்பாக்கிக்கு வேண்டிய துணைக்கருவிகள் பலவற்றை வீட்டிலேயே செய்துகொள்ள முடிந்தது. குடைந்த மாட்டுக் கொம்பு, ஈரம் புகாத மருந்துச் சிமிழாயிற்று. மூங்கிற் கணு அளவையாயிற்று. கொம்பிலிருந்து மருந்தை நேரே குழலில் கொட்டலாகாது. முன் வெடியின் கனல் உள்ளே எஞ்சியிருந்தால் கொம்பே வெடித்துவிடும். எனவேதான் அந்தச் சிற்றளவை. மரையுள்ள குழலாயின், மெழுகும் கொழுப்பும் தடவிய துணித்துண்டில் குண்டைப் பொதிந்து, கஜக்கோலால் மருந்தின்மேல் படியும்வரை இறக்குவர். இடையில் வெற்றிடம் இருப்பின் குழல் பிளக்கக்கூடும். பற்றுவாயைத் துலக்கும் ஊசியைப் பித்தளையால் செய்வர். பித்தளை பொறி கிளப்பாது.

சுட்டபின் குழலில் படியும் கரி, காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். ஆனி, ஆடி மழையில் புனேயின் பூட்டு துருப்பிடிப்பதை நாம் அறிவோம். குழலின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ? அக்கரியை எண்ணெய் கரைக்காது, வெந்நீரே கரைக்கும். கழுவி, உலரத் துடைத்து, அதன் பின்னரே எண்ணெய் இடுதல் முறை.

இவற்றை நாம் ஏன் அறியவேண்டும்? ஊரில் பூட்டிக் கிடக்கும் நம் வீட்டுச் சுவரில் பாட்டனார் துப்பாக்கி தொங்கலாம். பொங்கலுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அதை எடுத்து விளையாடலாம். ஈரம் படாத மருந்து எத்தனை ஆண்டாயினும் வீரியம் இழப்பதில்லை. குழலின் வெளிப்புறத்தில் கஜக்கோலை வைத்து, வாயிலிருந்து பற்றுவாய் வரையுள்ள நீளத்தைக் குறித்துக்கொண்டு, பின் உள்ளே விட்டால், கெட்டித்த குழலில் கோல் அக்குறிவரை இறங்காது. எனினும் அச்சோதனையை அறிந்தவரே செய்யட்டும். நாம் செய்யத்தக்கது, அதனைத் தீண்டாது காவல் நிலையத்திற்குத் தெரிவிப்பதே. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு உரிமமும் வேண்டும்.

முன்னோர் பொருளைப் போற்றுவோம். அதற்கு முன், அது வெறுங்குழல்தானா என்று உறுதி செய்துகொள்வோம்.