மறைத்த மந்திரமும் கொடுத்த மந்திரமும்



நான் ஆரணியில் பட்டுத் தறிகளின் ஓசையினிடையே வளர்ந்தவன். எங்கள் தெருவில் முந்தானைக்குப் புதிய பூவேலை நெய்யும் வீட்டில் அயலார் எவரேனும் கால் வைத்தால், உடனே தறியின்மேல் ஒரு துணி விழும். அத்துணியின்கீழ் அழகு மட்டுமன்று, அச்சமும் ஒளிந்திருந்தது. மந்திரவாதிக் கதைகளைப் படித்த பின்னரே இதனை உணர்ந்தேன்.

அக்கதைகளில் ஒரு விந்தை உண்டு. வல்லமை மிக்க மந்திரவாதி படைகளுக்கு அஞ்சான். இன்னொரு மந்திரவாதிக்கே அஞ்சுவான். டோல்கியன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெருங்கதையில், மந்திரவாதிகளின் தலைவனாகிய சாருமன், மாய மோதிரத்தைத் தானே அடைய விழைந்து, அதற்கு உடன்படாத தோழன் கேண்டால்ஃபைக் கோபுர உச்சியில் சிறைவைக்கிறான். முடிவில் தலைமையையும் மந்திரக்கோலையும் அவனே இழக்கிறான்.

நம் மகாபாரதம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. அசுரகுரு சுக்கிராசாரியார் இறந்தாரை எழுப்பும் சஞ்சீவினி வித்தையை அறிந்தவர். தேவகுரு பிருகஸ்பதி அறியாதவர். பிருகஸ்பதியின் மைந்தன் கசன், தன் குலத்தை மறைக்காமல் கூறிச் சுக்கிரரிடம் மாணாக்கனானான். ஐயுற்ற அசுரர்கள் அவனை இருமுறை கொன்றனர். மகள் தேவயானி வேண்ட, ஆசான் இருமுறையும் எழுப்பினார். மூன்றாம் முறை அவனை எரித்து, சாம்பலை மதுவில் கலந்து ஆசானுக்கே கொடுத்துவிட்டனர்.

இனிக் கசன் பிழைத்தால் ஆசான் மாள வேண்டும். வேறு வழியின்றி, வயிற்றினுள் இருந்த மாணாக்கனுக்குச் சுக்கிரர் மந்திரத்தை உபதேசித்தார். கசன் வயிற்றைப் பிளந்து வெளிவந்தான். அக்கணத்தை எண்ணிப் பாருங்கள்! நாடி வந்த வித்தை கைகூடிவிட்டது; காலடியில் ஆசான் உயிரற்றுக் கிடக்கிறார். அவன் ஓடவில்லை. மந்திரம் ஓதி ஆசானை எழுப்பினான்.

அசுரர்களின் ஐயம் பொய்யன்று. கசன் வித்தைக்காகவே வந்தவன்தான். ஆனால் அவர்கள் செய்த கொலையன்றோ அவ்வித்தையை அவனுக்கு வாங்கித் தந்தது! சுக்கிரர் காத்து வைத்த மந்திரம் அவரைக் காக்கவில்லை. கொடுத்த மந்திரமே காத்தது.

பின்னர், தன் காதலை மறுத்த கசனுக்கு அவ்வித்தை பலிக்காதெனத் தேவயானி சபித்தாள். தான் யாருக்குக் கற்பிக்கிறானோ அவருக்குப் பலிக்கும் என்று கூறி, அவன் விடைபெற்றான்.

இன்று ஆரணிப் பட்டு, புவிசார் குறியீடு பெற்று விளங்குகிறது. அப்பெயர் எந்த ஒரு தறிக்கும் உரியதன்று, ஊருக்கே உரியது. முன்பொரு நாள் யாரோ ஒருவர் தறிமேலிருந்த துணியை விலக்கி, அடுத்தவர்க்குக் கற்பித்திராவிடில், அப்பெயர் நமக்கு ஏது?