படபடப்பைக் குறைக்க ரத்தம் கொண்டுபோகும் சேதி

(தாம்பரம் பகுதி மகளிர் குழுக்களின் மாதக் கூட்டத்தில் பேசியது)



"தவணைத் தேதி நெருங்கினா தூக்கமே வர்றதில்லை" என்று உங்களில் பலர் எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். சேலையூரில் ஓர் ஊக்குநர் அக்கா, "கணக்கு நோட்டைத் திறந்தாலே நெஞ்சு படபடங்குதும்மா" என்றார். டாக்டர் பார்த்து, இதயத்தில் கோளாறு இல்லை என்றுவிட்டார். வேகமாக நடந்து பாருங்கள் என்றோம். "பணக் கஷ்டத்துக்கும் நடக்கிறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

1992-ல் ஜெருசலேம் விஞ்ஞானிகள் மூளையில் இயல்பாகவே உண்டாகும் ஒரு பொருளைக் கண்டுபிடித்து 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், நம்ம ஆனந்தம்தான்! 2003-ல் அமெரிக்காவில் இளைஞர்களை 50 நிமிடம் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்தார்கள். அவர்கள் ரத்தத்தில் இந்தப் பொருள் கூடியிருந்தது.

ரத்தத்தில் உள்ள எல்லாமே மூளைக்குள் போய்விட முடியாது. அப்பார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் நிற்கிற மாதிரி அங்கே ஒரு தடுப்பு உண்டு. ஆனந்தமைடு கொழுப்பில் கரைவது. அதனால் சுலபமாக உள்ளே போய்விடும். 2015-ல் ஜெர்மனியில் எலிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஓடிய எலிகளுக்குப் பயம் குறைந்தது. இந்த வகைப் பொருள்கள் வேலை செய்யும் இடத்தை மருந்தால் அடைத்ததும் அந்தப் பலன் போய்விட்டது.

"நாள் முழுக்க வீட்டு வேலை செய்யறோமே, போதாதா?" என்பீர்கள். அதுவும் உடலுக்கு நல்லதுதான். ஆனால் மெதுவாக உலாத்தினால் ஆனந்தமைடு கூடுவதில்லை. வேகம் வேணும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் அளவு. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது தினம் 30 நிமிடம், 5 நாள். தனியாகப் போகக் கூச்சமா? சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குக் குழுவாகவே கிளம்புங்கள்.

நெஞ்சுவலி, தலைசுற்றல் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். நடந்தும் பயம் அடங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம். தமிழிலேயே பேசலாம்.

நடந்தால் கடன் அடைந்துவிடாது. ஆனால் படபடப்பு குறைந்தால் கணக்கைப் பார்க்கலாம், குழுவில் வாய்விட்டுப் பேசலாம், கூடுதல் அவகாசம் கேட்கலாம். அந்த அக்கா இப்போது இரண்டு உறுப்பினர்களோடு தினமும் நடக்கிறார். பயம் முழுசாகப் போகவில்லை. ஆனால் நோட்டைத் திறக்கிறார்.

நாளைக் காலை நாமும் செருப்பை மாட்டுவோமா?