மீதி ஒன்று

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச வரும் ஆசிரியர், ‘நன்றாகப் படியுங்கள், கைப்பேசியைக் கீழே வையுங்கள்’ என்று சொல்வது வழக்கம். நானும் அப்படியே சொல்லி வந்தவன்தான். இன்று என் தவறு ஒன்றைச் சபையில் சொல்லப் போகிறேன்.

சென்ற ஆண்டு நான்காம் ஆண்டு வகுப்பில் எனக்கு ஒரு மாணவன். வகுத்தல் கணக்கில் ஈவை எழுதுவான். மீதியை எழுத மாட்டான். ‘மீதி எங்கேடா தம்பி?’ என்றால், ‘அது சின்னதுதானே சார்’ என்பான். அவனுடைய அம்மா வந்து, ‘சார், இவன் போனும் கையுமாவே கெடக்குறான்’ என்று வருந்தினார். ‘வாங்கிப் பூட்டி வைங்கம்மா’ என்றேன். அவரும் அப்படியே செய்தார்.

அடுத்த வாரம் கணக்கு நேரத்தில் பார்க்கிறேன், பையன் கட்டம் போட்ட நோட்டில் மும்முரமாக ஏதோ வரைந்து கொண்டிருக்கிறான். கோபத்தோடு நோட்டைப் பிடுங்கினேன். உள்ளே ஒரு வீடு!

‘மைன்கிராப்ட்ல கட்டுனது சார். கூரையில ஓட்டை. அடைக்கிறதுக்குள்ள அம்மா போனை எடுத்துட்டாங்க.’

பெரியோர்களே, மைன்கிராப்ட் என்பது சுவீடன் நாட்டில் உருவாகி, 2011-இல் முழு வடிவில் வெளிவந்த விளையாட்டு. கன சதுரக் கட்டிகளை, அதாவது பிளாக்குகளை, அடுக்கி வீடு கட்டலாம். சாய்வான கூரை வேண்டுமானால் ‘ஸ்டேர்’ என்னும் படி வடிவக் கட்டிகளை இரண்டு சுவர்களிலிருந்தும் ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இரு சரிவுகளும் முகட்டில் வந்து சேரும்.

இவன் கட்டிய வீட்டின் அகலம் 7 கட்டி. இந்தப் பக்கம் 3 படி, அந்தப் பக்கம் 3 படி. நடுவில் ஒரு கட்டி அகலத்துக்கு வீட்டின் நீளம் முழுவதும் திறந்து கிடக்கிறது. மழை பெய்தால் நேரே வீட்டுக்குள் விழும்! முழுக் கட்டியை வைத்தால் மாட்டுத் திமில் போலத் துருத்துகிறதாம். இன்னொரு ஸ்டேர் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறதாம்.

எனக்கு என் அம்மாவின் நினைவு வந்துவிட்டது. நான் லயத்து வீட்டில் வளர்ந்தவன். எங்கள் வீட்டு முகட்டுத் தகரம் ஒரு முறை காற்றில் நகர்ந்துவிட்டது. நாலு விரல் இடைவெளிதான். மழைக்காலம் முழுவதும் அம்மா சட்டியும் வாளியுமாக வைத்து ஏந்தினார். நாங்கள் இரவில் பாயை இழுத்து இழுத்துப் போட்டுப் படுத்தோம். ‘சின்னதுதானே’ என்று விட்ட இடைவெளி எங்களைத் தூங்கவிடவில்லை.

பையனைக் கேட்டேன், ‘7-ஐ 2-ஆல் வகுத்தா எவ்வளவு?’

‘3 சார்.’ சொல்லிவிட்டுத் தன் படத்தையே பார்த்தான். சற்று நேரம் பேச்சில்லை. ‘மீதி 1 சார். அதுதான் ஓட்டை!’

பிறகு அவனே வழி சொன்னான். முழுக் கட்டியின் பாதி உயரமுள்ள ‘ஸ்லாப்’ என்றொரு கட்டி உண்டாம். அதை முகடு நெடுக வரிசையாக வைத்தால் இடைவெளியும் மூடும், துருத்தவும் செய்யாது. முதலிலேயே அகலத்தை 6 அல்லது 8 என வைத்திருந்தால் இரு சரிவுகளும் நடுவில் முட்டி நின்றிருக்கும், ஓட்டையே வந்திராது.

நான் விடவில்லை. வீட்டின் நீளம் 10. 3 பலகைக் கட்டிகள் கொடுத்தால் 6 ஸ்லாப் கிடைக்கும். அப்படியானால் 10 ஸ்லாப்புக்கு? ‘ரெண்டு தடவை செய்யணும் சார். 6 பலகை, 12 ஸ்லாப், மீதி 2.’ 6 பலகைக்கு 4 ஸ்டேர். கூரைக்கு 60 ஸ்டேர் வேண்டும். ‘15 தடவை. 90 பலகை சார்.’ கூரைக்கும் சுவருக்கும் இடையே முன்னும் பின்னும் முக்கோணமாகத் திறந்திருக்கும் இடத்துக்கு? கீழிருந்து 5, 3, 1. பக்கத்துக்கு 9, மொத்தம் 18. இந்த முறை ஒரு மீதியும் விடுபடவில்லை!

பயிற்சிக் கல்லூரியில், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று படித்தவன் நான். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சிவப்பு மையால் சுழித்ததோடு சரி.

அன்று மாலையே அவன் அம்மாவைப் பார்த்து, ‘சனிக்கிழமை ஒரு மணி நேரம் போனைக் கொடுங்கம்மா, கூரையை முடிக்கட்டும்’ என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்! விளையாட்டே கதியென்று கிடக்கச் சொல்லவில்லை, பெற்றோர்களே. பிள்ளை விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ‘என்னப்பா கட்டுற?’ என்று ஒரு முறை கேளுங்கள்.

இன்றைய பரிசுப் பட்டியலில் அந்த மாணவனின் பெயர் இல்லை. காலையில் நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டவர்களில் அவனும் ஒருவன். ஒரு வரிசைக்கு எத்தனை, மீதி எத்தனை என்று அவன் எண்ணியதை நான் கேட்டேன்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. பெறாத பிள்ளைகளே, நீங்கள் கழித்துப் போட வேண்டிய மீதி அல்ல. உங்களுக்குப் பொருந்தும் இடத்தைத் தேடித் தருவது எங்கள் வேலை.