மருந்தும் ரத்தமும்: தாய்வழி வரும் ஒரு குறை

(மட்டாஞ்சேரியில் நடந்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'மருந்துகளின் பக்க விளைவுகள்'. அது ஒரு சமுத்திரம். அரை மணி நேரத்தில் அதைக் கடக்க முடியாது. ஆகவே நம் குடும்பங்களுக்குள்ளேயே வந்துபோகும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி; பிறகு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஃபைல்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் நான் சொல்வதில் பிசகு இருந்தால் உடனே கையைத் தூக்கலாம்.

சிலருக்குச் சில மருந்துகளைக் கொடுத்தால் ரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் உடைகின்றன. மற்றவர்களுக்கு அதே மாத்திரை ஒன்றும் செய்வதில்லை. ஏன்?

ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிர் வாழ்கிறது. அதற்கு நியூக்ளியஸ் கிடையாது. எனவே புதிதாக எதையும் தயாரித்துக்கொள்ள அதனால் முடியாது. புக்ககம் போகும் பெண்ணுக்குக் கட்டிக்கொடுத்த சீரைப்போல, ஆரம்பத்தில் கிடைத்ததை வைத்தே காலம் தள்ள வேண்டும். அந்தச் சீரில் முக்கியமானது ஜி-6-பி-டி என்ற என்சைம். சில மருந்துகள் ரத்தத்தில் கலந்ததும், இரும்பு துருப்பிடிப்பதுபோல, சிவப்பணுவுக்குள் ஆக்ஸிடேஷன் நடக்கும். அதைத் தடுக்கும் குளூட்டாதயோன் தீரத்தீர, மறுபடி அதைத் தயார் நிலைக்குக் கொண்டுவர இந்த என்சைம் வேண்டும். பிறவியிலேயே இது குறைவாக உள்ளவருக்கு, மருந்து சாப்பிட்ட இரண்டு மூன்று நாளில் அணுக்கள் உடையத் தொடங்குகின்றன. சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போகும். (வெளியூர் அன்பர்களுக்கு: பால் விடாத தேநீர்.) கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும், இடுப்பு வலிக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதை கொஞ்சம் சங்கடமானது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து ஸ்டேட்வில் சிறைச்சாலையில், கைதிகளுக்கு மலேரியாவை வரவழைத்து மருந்துகளைப் பரீட்சை செய்தார்கள். சம்மதம் வாங்கினோம் என்றார்கள். கம்பிக்குள் இருப்பவனின் சம்மதம் எவ்வளவு மதிப்புள்ளது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். யுத்தம் முடிந்தும் பரீட்சைகள் தொடர்ந்தன. ப்ரைமாக்வின் மாத்திரையில் சிலருக்கு மட்டும் ரத்தம் உடைந்தது. கோளாறு மருந்திலா, உடம்பிலா, அணுவிலா? 1954-இல் ஓர் அழகான சோதனை செய்தார்கள். பாதிக்கப்படுகிறவரின் அணுக்களுக்கு ரேடியோ-குரோமியத்தால் அடையாளம் இட்டு, பாதிக்கப்படாதவரின் உடம்பில் ஏற்றி மாத்திரை கொடுத்தார்கள். இரவல் அணுக்கள் மட்டும் உடைந்தன, சொந்த அணுக்கள் அப்படியே இருந்தன. ஆக, குறை அணுவுக்குள். 1956-இல் அது எந்த என்சைம் என்பதும் தெரிந்துவிட்டது.

இத்தனையும் நான் படித்துத் தெரிந்துகொண்டது 2014-க்குப் பிறகுதான். அந்த வருஷம் என் தங்கையின் பெண்வயிற்றுப் பேரன், இருபத்து மூன்று வயது, மங்களூரில் கட்டட வேலை மேற்பார்வையில் இருந்தான். அங்கே அப்போது மலேரியா அதிகம். அவனுக்கு வந்தது வைவாக்ஸ் வகை. மூன்று நாள் குளோரோக்வின், கூடவே பதினான்கு நாள் ப்ரைமாக்வின் என்று எழுதிக் கொடுத்தார்கள். கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமியை ஒழிக்க அது வேண்டும். எழுதியது சரியான மருந்துதான். இந்த என்சைம் உண்டா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் கறுத்தது, கண் மஞ்சளானது. மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டி, உறவில் ஒருவர் கீழாநெல்லி அனுப்பி வைத்தார். பையன் மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டான், கீழாநெல்லியையும் குடித்தான். ஐந்தாம் நாள் மாடி ஏற முடியவில்லை. வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே. ஓர் இளம் டாக்டர்தான் சிறுநீரைப் பார்த்ததும், "என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?" என்று முதலில் கேட்டார். மாத்திரையை நிறுத்தி, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தான்.

அதன்பிறகு, இது எங்கிருந்து வந்தது என்ற ஆராய்ச்சியில் இறங்கினேன். இந்த என்சைமின் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது தாயிடமிருந்து வருவது. கோத்திரம் போகும் வழிக்கு இது நேர் எதிர். குறையுள்ள தகப்பன் தன் பிள்ளைக்கு இதைக் கொடுப்பதே இல்லை. பெண்கள் அத்தனை பேருக்கும் கொடுத்துவிடுகிறான். அவர்களுக்கு எக்ஸ் இரண்டு என்பதால் பெரும்பாலும் தெரியாமலே காலம் போகும், சிலருக்குத்தான் தொந்தரவு வரும். அவர்கள் வயிற்றுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம். நாம் ஏழு தலைமுறை ஆண்வழியைச் சொல்லத் தெரிந்தவர்கள். பாட்டியின் அம்மா எந்த ஊர் என்று கேட்டால் விழிக்கிறோம்.

தங்கையின் கணவர் காலமாகிவிட்டார், அவரைச் சோதிக்க வழியில்லை. நானும் சென்னையிலுள்ள தம்பியும் ரத்தம் கொடுத்தோம். எனக்கு இல்லை. தம்பிக்கு இருந்தது! அறுபத்தெட்டு வயதுவரை ஒரு நாளும் தெரியவில்லை, ஏனென்றால் அந்த வகை மருந்து அவன் வாயில் பட்டதே இல்லை. அப்படியானால் எங்கள் அம்மா வழியாக வந்திருக்கிறது. அம்மாவுக்கு மூன்று சகோதரிகள். அவர்கள் பேரன்மார் மாதுங்காவிலும் பெங்களூரிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்தேன். பெரும்பாலோர் நன்றி சொன்னார்கள். ஒரு வீட்டில் மட்டும், "பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம் அண்ணா, இப்போது இதைக் கிளப்ப வேண்டாமே" என்றார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது ஊரார் ஒதுக்கும் வியாதி அல்ல. உலகத்தில் சுமார் 40 கோடிப் பேருக்கு இருக்கிறது. மலேரியா இருந்த தேசங்களில் இது மிகுதி. கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றியதாலேயே நிலைத்தது என்கிறார்கள்.

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தையே பாருங்கள். மட்டாஞ்சேரியில் ஒரு மணி நேரம் நடந்தால் கொங்கணி, குஜராத்தி, தமிழ் என்று எத்தனை பாஷை! ஒவ்வொரு கூட்டமும் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தது. அதனால் இந்தியாவில் இந்தக் குறை சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது. அறவே இல்லாத கூட்டமும் உண்டு, நூற்றுக்கு 27 பேர் வரை உள்ள கூட்டமும் உண்டு. 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனார்கள். பல தேசங்களிலிருந்து அங்கே வந்து சேர்ந்த யூதர்களைச் சோதித்தபோது, குர்திஸ்தான் ஆண்களில் பாதிக்கு மேல் இந்தக் குறை. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களிடம் அநேகமாக இல்லை. நம் மாநிலத்தின் பெயரிலேயே ஒரு வகை உண்டு. கேரளம் என்றும் கல்யாண் என்றும் தனித்தனியாகப் பெயரிட்ட இரண்டு வகைகள் ஒரே மாற்றம்தான் என்று 1992-இல் தெரிந்தது. இப்போது சேர்த்து 'கேரளா-கல்யாண்' என்கிறார்கள்.

எந்த மருந்துகள்? ப்ரைமாக்வின், அதன் புதிய தம்பி டாஃபெனோக்வின், குஷ்டத்துக்கும் சில தோல் நோய்களுக்கும் தரும் டாப்ஸோன், மெத்திலீன் ப்ளூ, புற்றுநோய் சிகிச்சையில் வரும் ராஸ்புரிகேஸ். இவை நிச்சயமாக ஆகாதவை. மூத்திரத் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபுரான்டாயினில் டாக்டர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். பழைய பட்டியல்களில் பாராசிட்டமால்கூட இருக்கும். வழக்கமான அளவில் அதற்குப் பயப்பட வேண்டாம். இந்தக் குறையே இல்லாதவருக்கும் ஆன்டிபாடி உண்டாகி அணுக்கள் உடைவது உண்டு. முன்பு ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தந்த மீத்தைல்டோபாவில் அப்படிச் சிலருக்கு ஆனது. அது வேறு அத்தியாயம், அதற்குக் கூம்ப்ஸ் டெஸ்ட்.

சாப்பாட்டில் ஆகாதது ஃபாவா பீன்ஸ், வடக்கே பாக்லா என்பது. நம் அவரையும் மொச்சையும் அது அல்ல, தாராளமாகச் சாப்பிடலாம். வளைகுடாவில் இருக்கும் நம் குழந்தைகள் ஃபலாஃபல் என்று வாங்கும்போதுதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாமிமார்களுக்கு ஒன்று. பிறந்த குழந்தையைப் போட, பெட்டியிலிருந்து பழைய மல்லு வேஷ்டியை எடுப்போம். பெட்டியில் பாச்சை உருண்டை இருந்திருக்கும். அதிலுள்ள நாஃப்தலினின் வாசனையே இந்தக் குறையுள்ள சிசுவின் ரத்தத்தை உடைக்கும். கடும் காமாலை வந்து மூளையைத் தாக்கிய கேஸ்கள் உண்டு. குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் உருண்டை வைக்கவே வேண்டாம்.

சோதனை சாதாரண ரத்தப் பரிசோதனைதான். ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரத்தம் உடைந்த சமயத்தில் எடுத்தால் 'நார்மல்' என்று வரக்கூடும். என்சைம் தீர்ந்த கிழட்டு அணுக்கள் உடைந்து போய்விட்டன. மிச்சம் இருப்பவை இளசுகள், அவற்றில் கொஞ்சம் என்சைம் இருக்கும். எங்கள் பையனுக்கும் ஆஸ்பத்திரியில் எடுத்தபோது சரியாகவே வந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்ததில்தான் தெரிந்தது. பெண்களுக்குச் சாதாரணக் கிட் போதாது, அளவு சொல்லும் டெஸ்டாகக் கேட்டு வாங்குங்கள்.

அவன் இப்போது பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறான். ரத்த குரூப், அதன் கீழே 'ஜி-6-பி-டி குறைவு' என்று ஒரு வரி. தம்பியும் எழுதிக்கொண்டான். மலேரியா திரும்ப வந்தாலும் இவர்களுக்கு வழியில்லாமல் இல்லை: ப்ரைமாக்வினை வாரம் ஒருமுறையாக எட்டு வாரம், டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நேரமாகிவிட்டது, காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கஷ்டமான கேள்வியாக இருந்தால் டாக்டரிடம் தள்ளிவிடுகிறேன்.