வீட்டுத் தோட்டமும் கிணற்று நீரும்



யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடே இறங்கித் தங்குவதே நமது கிணற்று நீர். அந்த நன்னீர் உவர்நீரின் மேலே ஏடுபோலக் கிடப்பது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். துலாவால் இறைத்த காலத்திலே கை சோர்ந்ததும் இறைப்பு நின்றது, இயந்திரம் சோர்வதில்லை. யூரியாவை அள்ளிக் கொட்டினால் அதன் நைத்திரேற்றும் அதே கிணற்றுக்குத்தான் இறங்கும். குழந்தைக்குப் பால்மா கரைப்பதும் அந்த நீரிலேதான்.

ஆகவே நாம் பருவத்தோடு ஒட்டியே பயிரிடல் வேண்டும். புரட்டாதியிலே பூவரசங்குழை தாழ்த்து, மழை தொடங்க மரவள்ளித் தடி ஊன்றலாம். கார்த்திகை அடைமழையிலே கத்தரி, மிளகாய் நடுவது வீண். நாற்றுமேடைக்குப் பந்தலிட்டுக் காத்து, மழை தணிந்தபின் தையிலே நடுவோம். சித்திரை வெயிலுக்கு வேலியோரத்து முருங்கை இருக்கவே இருக்கிறது. அதற்கு ஆட்டுக்கு மாத்திரமே அஞ்சவேண்டும். பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் போகட்டும்.

2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, ஆனி மாதத்திலே, அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து பயிர் செய்யச் சொன்னார்கள். கையிலே விதையில்லாதவருக்கு விடுமுறை என்ன செய்யும்?

நல்ல காய்ச்சலுள்ள கத்தரியிலே இரண்டு காயை முற்றவிட்டு, விதையெடுத்துச் சாம்பலிற் பிரட்டி உலர்த்தி வையுங்கள். ஆவணி முடியுமுன் சங்க மண்டபத்துக்குக் கொண்டுவந்தால், இல்லாத வீடுகளுக்கு நாம் பகிர்ந்து கொடுப்போம்.